நூறு கையில் இருக்க நாற்பதுக்கு ஏன் ஒத்துக்கொள்கிறார்கள்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸில் பசியாற உட்கார்ந்திருந்தோம். தோசை வருவதற்குள் அக்கா மகன் கைப்பேசியை நீட்டினான். ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் அவன் கொஞ்சம் வாங்கிப் போட்டிருந்த ஒரு சின்ன எண்ணெய்க் கம்பெனியின் அறிவிப்பு அது.

“இதைப் பாருங்க மாமா. ஆப்பிரிக்கா பக்கம் கடல்ல ஒரு பிளாக், நூறு விழுக்காடும் இவங்க கையில இருந்துச்சு. அதுல அறுபதைத் தூக்கி ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுத்துட்டாங்க. ரொக்கமாப் பெருசா ஒண்ணும் வாங்கலை. ஆனா பங்கு விலை ஏறுது. யாருக்குப் பைத்தியம், கொடுத்தவங்களுக்கா, பங்கை வாங்குறவங்களுக்கா?”

யாருக்கும் இல்லை என்றேன். நான் கணக்கு எழுதுகிறவன், கிணறு தோண்டுகிறவன் இல்லை. ஆனால் எண்ணெய்த் துறைக்கு வேலை செய்யும் கம்பெனிகளின் கணக்கைப் பார்த்துப் பார்த்து இந்தப் பேரங்கள் கொஞ்சம் பழகிவிட்டன. அன்றைக்கு அவனுக்குச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்த ‘நூறு விழுக்காடு’ என்ன என்று பார்க்க வேண்டும். பிளாக் என்றதும் எண்ணெய் நிரம்பிய தொட்டி ஒன்று நம் கண்முன் வந்துவிடுகிறது. உண்மையில் அது கடலிலோ தரையிலோ அரசாங்கம் கோடு போட்டுக் காட்டிய ஒரு பரப்பு. அங்கே தேடிப் பார்த்துக்கொள்ள ஓர் அனுமதி, அவ்வளவுதான். மலேசியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974-ஆம் ஆண்டின் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டப்படி நாட்டின் எண்ணெய், எரிவாயு வளத்துக்கு உரிமையாளர் தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ். (சரவாக்குடன் இது தொடர்பாக நடக்கும் இழுபறி தனிக் கதை.) 1976 முதல், ஷெல்லாக இருந்தாலும் எக்ஸான்மோபிலாக இருந்தாலும், உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தக்காரர்களாகத்தான் இங்கே வேலை செய்கிறார்கள். மற்ற நாடுகளிலும் சட்டத்தின் பெயர் மாறும், ஒப்பந்தத்தின் வடிவம் மாறும். நிலத்தடி வளம் பெரும்பாலும் அரசாங்கத்துடையதுதான்.

அனுமதியோடு கடமையும் வரும். முதல் இரண்டு மூன்று வருடங்களில் இத்தனை சதுர கிலோமீட்டர் சைஸ்மிக் எடுக்க வேண்டும், அடுத்த கட்டத்தில் ஒரு கிணறாவது தோண்ட வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். தோண்டாவிட்டால் பிளாக் அரசாங்கத்திடமே திரும்பிப் போகும். வங்கி உத்தரவாதம் கொடுத்திருந்தால் அதுவும் கையை விட்டுப் போகும். ஆக, உரிமையில் நூறு என்றால் செலவிலும் நூறு.

அந்தச் செலவு சாதாரணமில்லை. கப்பலிலிருந்து ஒலி அலைகளை அனுப்பி, கடலடிப் பாறைகளில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்து, பாறை அடுக்குகளைப் படமாக்குவதுதான் சைஸ்மிக். இதற்குச் சில மில்லியன் டாலர் போதும். சின்னக் கம்பெனிகள் பங்கு விற்று, அங்கே இங்கே புரட்டி இதைச் சமாளித்துவிடும். படத்தில் ஒரு மேடு தெரியும். எண்ணெய் தேங்கத் தோதான மேடு. ஆனால் உள்ளே இருப்பது எண்ணெயா, வெறும் உப்புத் தண்ணீரா என்பது தோண்டினால்தான் தெரியும். ஆழ்கடலில் ஒரு கிணறு என்றால் 100 மில்லியன் டாலர்கூட ஆகலாம். அண்மைய ஆண்டுகளில் ஆழ்கடலில் துளையிடும் கப்பலுக்கு வாடகை மட்டுமே ஒரு நாளைக்கு நான்கு லட்சம் டாலரைத் தாண்டியிருக்கிறது. அத்தனையும் செலவழித்துவிட்டு, யாரும் இதுவரை தோண்டாத பகுதியில் ஐந்து கிணற்றில் ஒன்று பலித்தால் நல்ல அதிர்ஷ்டம் என்பார்கள்.

இந்த இடத்தில்தான் வாரம் வருகிறது. நம் ஊர் வாரச் சாகுபடிதான். நிலம் இருக்கிறது, மாடும் விதையும் வாங்கக் காசில்லை. பக்கத்து மிராசு ஏர் பூட்டி விதைத்து அறுக்கிறார், விளைந்ததில் பங்கு. ஆங்கிலத்தில் இந்த எண்ணெய்ப் பேரத்துக்கு ஃபார்ம்-அவுட் என்றே பெயர். விட்டுக்கொடுக்கிறவருக்கு ஃபார்ம்-அவுட், உள்ளே வருகிறவருக்கு அதுவே ஃபார்ம்-இன். வாரத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே நிலம் கொடுக்கிறவரே குத்தகைக்காரர்தான். அதனால் கைமாற்றும்போது அரசாங்கத்தின் ஒப்புதல் வேண்டும். அது வராமல் எந்த அறிவிப்பும் பாதி அறிவிப்புதான்.

இதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் பளிச்சென்று புரியும். அன்றைக்குக் கடையில் கிடைத்த டிஷ்யூ தாளிலேயே போட்டோம். எண்கள் நான் கற்பனையாக வைத்தவை.

கிணற்றுச் செலவு 60 மில்லியன் டாலர். எண்ணெய் கிடைக்க ஐந்தில் ஒரு வாய்ப்பு. கிடைத்தால் அந்தக் கண்டுபிடிப்பின் மதிப்பு 600 மில்லியன். கம்பெனியின் வங்கிக் கணக்கில் இருப்பது 10 மில்லியன். எங்கிருந்தோ கடன் வாங்கித் தனியாகவே தோண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 600-இல் ஐந்தில் ஒரு பங்கு 120, அதில் செலவு 60 போக, சராசரி லாபம் 60 மில்லியன். அருமையாகத் தெரிகிறது. ஆனால் சராசரி என்பது நூறு கிணறு தோண்டுகிறவருக்கு. இவர்கள் தோண்டப்போவது ஒரே ஒரு கிணறு. ஐந்தில் நான்கு தடவை அது வறண்டு போகும், வாங்கிய கடனோடு கம்பெனியும் மூடப்படும்.

இப்போது பெரிய கம்பெனி வருகிறது. கிணற்றுச் செலவு முழுவதும் நான் போடுகிறேன், 60 விழுக்காடு எனக்கு என்கிறது. சின்னக் கம்பெனியிடம் 40 மிஞ்சுகிறது. எண்ணெய் கிடைத்தால் 240 மில்லியன், வறண்டால் கிணற்றால் அவர்களுக்கு நட்டம் பூஜ்யம். சராசரி 48 மில்லியன். பெரிய கம்பெனிக்கு? 360-இல் ஐந்தில் ஒரு பங்கு 72, போட்டது 60, சராசரி லாபம் 12.

தனியாகத் தோண்டினால் 60, கூட்டாளியோடு 48. அந்த 12 மில்லியன்தான் சின்னக் கம்பெனி கொடுக்கும் விலை. அதைக் காப்புறுதிப் பிரீமியம் மாதிரி பாருங்கள். ஐந்தில் நான்கு தடவை கடையை மூட வேண்டிய நிலையிலிருந்து தப்பிக்கக் கட்டுகிற பிரீமியம். பெரிய கம்பெனிக்கு இந்தக் காப்புறுதி வேண்டாம். அது ஒரே வருடத்தில் உலகம் முழுக்கப் பத்து இருபது கிணறு தோண்டும். நான்கு வறண்டாலும் ஐந்தாவது ஈடுகட்டும். இருவரும் ஒரே கிணற்றைத்தான் பார்க்கிறார்கள், ஆனால் அது வறண்டால் ஒருவருக்கு மரண அடி, மற்றவருக்கு ஓர் அறிக்கையில் ஒரு வரி.

“அப்போ விலை ஏறினது சரிதான்” என்றான். அவசரப்படாதே என்றேன். தோசை அப்போதுதான் வந்தது.

மற்றவர் செலவையும் சேர்த்துப் போடுகிற இந்த ஏற்பாட்டுக்குக் கேரி என்று பெயர். சுமந்து போவது. கூடவே, இதுவரை சைஸ்மிக்குக்கு ஆன பழைய செலவில் ஒரு பகுதியையும் பெரிய கம்பெனி திருப்பிக் கொடுப்பது வழக்கம். அக்கா மகன் ‘பெருசா ஒண்ணும் வாங்கலை’ என்றது இந்தச் சில்லறையைத்தான். உண்மையான விலை ரொக்கத்தில் இல்லை, கேரியில் இருக்கிறது.

காசு தவிர இன்னொன்றும் கிடைக்கிறது, அதற்கு விலை போடுவது சிரமம். பெரிய கம்பெனி உள்ளே வருவதற்கு முன் தன் புவியியலாளர்களை டேட்டா ரூமுக்கு அனுப்பி, சின்னக் கம்பெனியின் படங்களை எல்லாம் குடைந்து பார்த்திருக்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. சின்னக் கம்பெனி தன் மேட்டைப் பற்றிச் சொல்வதை யாரும் முழுதாக நம்பப் போவதில்லை. விஷயம் தெரிந்த வெளியாள் ஒருவர் பார்த்துவிட்டு 60 மில்லியனை மேசையில் வைக்கிறார் என்றால் அது வேறு பேச்சு. பங்கு விலை ஏறியதில் பாதி இதனால்தான் இருக்கும். பிறகு, துளையிடும் கப்பலை வாடகைக்கு எடுப்பதிலிருந்து விபத்து நடந்தால் கிணற்றை அடைப்பதுவரை செய்து பழகிய ஆட்கள் வருகிறார்கள். கிணற்றை நடத்துகிற பொறுப்பாளருக்கு ஆபரேட்டர் என்று பெயர். ஆழ்கடலில் அந்த நாற்காலியைச் சின்னக் கம்பெனிகள் பெரும்பாலும் சந்தோஷமாக விட்டுக்கொடுக்கும்.

எரிவாயு என்றால் கூட்டாளி இல்லாமல் நகரவே முடியாது. மௌரித்தேனியாவுக்கும் செனகலுக்கும் நடுவே கடல் எல்லையில் 2015-இல் காஸ்மோஸ் எனர்ஜி பெரிய எரிவாயு வயல் ஒன்றைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்து என்ன செய்வது? எரிவாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கி, கப்பலில் ஏற்றி, இருபது வருடத்துக்கு வாங்க ஆள் பிடிக்க வேண்டும். அடுத்த வருடமே பிரிட்டனின் பெரிய எண்ணெய்க் கம்பெனி பிபி உள்ளே வந்தது. முன்பணமும் கேரியுமாக அது ஒத்துக்கொண்ட தொகை 900 மில்லியன் டாலருக்கு மேல். திட்டம் தாமதமாகி, செலவு ஏறி, முதல் கப்பல் 2025-இல்தான் கிளம்பியது. இத்தனை இழுபறியை ஒரு சின்னக் கம்பெனி தனியாகத் தாங்கியிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லாச் சின்னக் கம்பெனியும் கன்னிக் கடலில் தேடப் போவதில்லை. நம் கோலாலம்பூரிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. 2011-இல் புர்சா மலேசியாவில் ஹைபிஸ்கஸ் பெட்ரோலியம் பட்டியலிடப்பட்டபோது அதனிடம் ஒரு சொட்டு எண்ணெய் உற்பத்தியும் கிடையாது. முதலில் பொதுமக்களிடம் பணம் திரட்டி, பிறகு எதை வாங்குவது என்று தேடும் வகைக் கம்பெனி அது, மலேசியாவில் அந்த வகையில் முதலாவது. 2018-இல் சபா வடக்குக் கடலில் ஷெல்லிடமிருந்து 50 விழுக்காட்டை வாங்கி ஆபரேட்டராக உட்கார்ந்தது. மீதிப் பாதி பெட்ரோனாஸ் சாரிகாலியிடம். செயின்ட் ஜோசப், சவுத் ஃபியூரியஸ், பார்டன் என்று பழைய வயல்கள், கூடவே லாபுவான் எண்ணெய் முனையம். 2022-இல் ஸ்பெயினின் ரெப்சோலுக்கு இங்கிருந்த சொத்துகளையும் வாங்கியது.

இது முன்னே சொன்னதற்கு நேர்மாறான ஊர்வலம். பெரியவர் வெளியே போகிறார், சின்னவர் உள்ளே வருகிறார். ஷெல் மாதிரி ஒரு யானைக்கு வயதான வயலில் தினமும் சில ஆயிரம் பீப்பாய் கூடுதலாக எடுப்பது கவனம் செலுத்தத் தகுந்த வேலையாகத் தெரியாது. சின்னக் கம்பெனிக்கு அதுவே சோறு. குழாய், மேடை, முனையம் எல்லாம் யாரோ எப்போதோ காசு போட்டுக் கட்டியவை. பக்கத்தில் கூட்டாளியாக இருப்பது தேசிய எண்ணெய் நிறுவனத்தின் கை. வங்கிக்குப் போனால் அந்தப் பெயருக்கு ஒரு மரியாதை உண்டு. எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்ற சூதாட்டமும் இல்லை. என்னைக் கேட்டால், கையில் கொஞ்சம் பணம் உள்ள புதிய கம்பெனிக்கு இந்த வழிதான் உருப்படியானது. பரபரப்புக் குறைவு, அதனால் காப்பிக்கடைப் பேச்சில் அடிபடாது.

பெரியவர் கணக்கும் தப்பும் என்பதற்கு ராஜஸ்தான் சாட்சி. அங்கே பாலைவன பிளாக்கில் ஷெல்லும் ஸ்காட்லாந்தின் கெய்ர்ன் எனர்ஜியும் சேர்ந்து தேடின. ஷெல் நம்பிக்கை இழந்து 2002-இல் தன் பங்கை கெய்ர்னுக்கே விற்றுவிட்டுப் போனது. 2004 ஜனவரியில் அதே பிளாக்கில் மங்களா வயல் கிடைத்தது. இந்தியாவின் தரைப்பகுதியில் இருபது வருடத்துக்கு மேலாக யாரும் அவ்வளவு பெரிதாகக் கண்டுபிடித்ததில்லை. ஆனால் அப்போதும் கெய்ர்ன் தனியாக இல்லை. 30 விழுக்காட்டோடு இந்திய அரசின் ஓஎன்ஜிசி கூட்டாளியாக இருந்தது. அந்த எண்ணெய் மெழுகுபோல உறையும் சுபாவம் கொண்டது. குஜராத் கடற்கரைவரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குச் சூடேற்றும் குழாய் போட்டுத்தான் கொண்டுபோக முடிந்தது. 2009-இல்தான் உற்பத்தி.

சரி, இனிக் கசப்பான பகுதி. கிணறு தோண்டும்வரை கேரி இருக்கும். எண்ணெய் கிடைத்த பிறகு? அக்கா மகனிடம் அவசரப்படாதே என்றது இதற்காகத்தான்.

எஃப்ஏஆர் என்றொரு ஆஸ்திரேலியக் கம்பெனி. செனகல் கடலில் அதனிடம் பிளாக் இருந்தது, தோண்டக் காசில்லை. 2013-இல் கெய்ர்னையும் கொனோகோபிலிப்ஸையும் உள்ளே கொண்டுவந்தது. கெய்ர்னுக்கு 40, கொனோகோவுக்கு 35, செனகல் அரசு நிறுவனத்துக்கு 10, எஃப்ஏஆர் கையில் 15. பாடப்புத்தகத்தில் வைக்கலாம், அவ்வளவு ஒழுங்கான ஃபார்ம்-அவுட். 2014-இல் முதலில் ஒரு கிணறு, அடுத்தது இன்னொன்று, இரண்டிலும் எண்ணெய். இரண்டாவதுதான் இன்றைக்கு சங்கோமார் என்று சொல்கிற வயல். 15 விழுக்காடு வைத்திருந்த சின்னக் கம்பெனி அன்றைக்கு எப்படித் துள்ளியிருக்கும்!

வயலைக் கண்டுபிடிப்பது ஒரு செலவு என்றால், அதை உற்பத்திக்குக் கொண்டுவருவது பல மடங்கு. இருபதுக்கும் மேற்பட்ட கிணறுகள், மிதக்கும் உற்பத்திக் கப்பல். 2020 ஜனவரியில் முதல் கட்டத்துக்கு ஒப்புதல் ஆனபோது மதிப்பீடு 4.2 பில்லியன் டாலர். அதற்குள் எஃப்ஏஆர் பங்கு 13.67 விழுக்காடாக இறங்கியிருந்தது. பெருக்கிப் பாருங்கள், 570 மில்லியன் டாலருக்கு மேல். இதற்குக் கேரி கிடையாது. மாதாமாதம் ஆபரேட்டர், அப்போது கொனோகோவின் பங்கை வாங்கி உள்ளே வந்திருந்த உட்சைட், உன் பங்குக்கு இவ்வளவு அனுப்பு என்று கேட்கும். அதற்கு கேஷ் கால் என்று பெயர். எஃப்ஏஆர் கடனுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்த நேரத்தில் கொரோனா வந்தது. எண்ணெய் விலை சரிந்தது. அந்த ஏப்ரல் 20-ஆம் தேதி அமெரிக்க எண்ணெய் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடன் கொடுப்பதாக இருந்தவர்கள் கையை விரித்தார்கள். கேஷ் கால் கட்ட முடியவில்லை.

கூட்டு ஒப்பந்தங்களில், கட்டத் தவறியவர் குறித்த காலத்துக்குள் பாக்கியைத் தீர்க்காவிட்டால் பங்கையே இழக்கலாம் என்று எழுதியிருக்கும். எஃப்ஏஆர் விற்கத்தான் ஆள் தேடியது. ஓஎன்ஜிசியின் வெளிநாட்டுப் பிரிவான ஓஎன்ஜிசி விதேஷ் 45 மில்லியன் டாலர் தர முன்வந்தது. உடனே உட்சைட், கூட்டாளி என்ற முறையில் அதே விலைக்கு வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை எனக்கு உண்டு என்று சொல்லி எடுத்துக்கொண்டது. பிற்காலத்தில் விலை, உற்பத்தியைப் பொறுத்து இன்னும் கொஞ்சம் கிடைக்கும் என்றொரு வரியும் பேரத்தில் இருந்தது. சங்கோமாரில் முதல் எண்ணெய் 2024 ஜூனில் வந்தது. வயலைத் தேடி எடுத்தவர் அப்போது பங்காளி இல்லை.

இதில் உட்சைட் தப்பு செய்ததாக நான் சொல்லமாட்டேன். ஒப்பந்தத்தில் இருந்த உரிமையைப் பயன்படுத்தியது. பெரிய கூட்டாளிக்குத் தன் நேரம், தன் அவசரம். அவசரம் இல்லாவிட்டாலும் வம்புதான். ஃபாக்லாந்து தீவுகள் பக்கம் ராக்ஹாப்பர் என்ற குட்டிக் கம்பெனி 2010-இல் சீ லயன் வயலைக் கண்டுபிடித்தது. 2012-இல் பிரீமியர் ஆயில் 60 விழுக்காட்டுக்கு வந்தது, கேரியும் தாராளம். ஆனால் பிரீமியருக்குக் கடன் சுமை, விலைச் சரிவு. திட்டம் வருடா வருடம் தள்ளிப்போனது. 2021-இல் பிரீமியர் இன்னொரு கம்பெனியோடு இணைந்து ஹார்பர் ஆனது. ஹார்பருக்கு அந்த வயலில் ஆர்வமில்லை. பிறகு இஸ்ரேலின் நாவிடாஸ் வந்து இடத்தைப் பிடித்தது. கண்டுபிடித்து பத்து வருடத்துக்கு மேலாக ராக்ஹாப்பர் மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்குக் காத்திருக்கும் பெண் வீடு மாதிரி காத்திருந்தது.

அதற்காகக் கூட்டாளியே வேண்டாம் என்று நிற்பதும் ஆபத்து. 2014-இல் நானும் ஒரு சின்னக் கம்பெனியில் 8,000 வெள்ளி போட்டேன். பெயர் வேண்டாம். நூறு விழுக்காடும் எங்களுடையதே என்று ஒவ்வொரு அறிக்கையிலும் மார்தட்டுவார்கள், எனக்கும் அது பெருமையாக இருந்தது. எண்ணெய் விலை பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் இருந்தபோது, கூட்டாளியாக வரக் கதவைத் தட்டியவர்களிடம் அதிகம் கேட்டார்கள். 2016 ஜனவரியில் விலை 30-க்குக் கீழே வந்தபோது தட்ட ஆள் இல்லை. கெடு முடிந்து பிளாக் திரும்பிப் போனது. அந்த நூறு விழுக்காட்டில் எனக்கு மிஞ்சியது ஆண்டறிக்கை ஒன்று, நல்ல வழவழப்பான தாள்.

அதனால் இப்போதெல்லாம் இத்தகைய அறிவிப்பு வந்தால் எத்தனை விழுக்காடு கொடுத்தார்கள் என்று நான் முதலில் பார்ப்பதில்லை. கேரி எதுவரை என்று பார்ப்பேன். ஒரு கிணற்றுக்கா, இரண்டுக்கா, முதல் எண்ணெய் வரும்வரைக்குமா? உச்சவரம்பு உண்டா? நமீபியாவில் வீனஸ் வயலில் இம்பாக்ட் என்ற சின்னக் கம்பெனி, தன் பங்கில் பாதிக்கும் மேல் டோட்டல்எனர்ஜிஸிடம் கொடுத்து 9.5 விழுக்காட்டோடு நின்றது. பதிலுக்கு, உற்பத்தி வரும்வரை தன் பங்குச் செலவை டோட்டலே போடும், பிறகு எண்ணெய் விற்ற காசில் கழித்துக்கொள்ளும் என்று 2024 தொடக்கத்தில் பேசி முடித்தது. எஃப்ஏஆருக்கு நடந்ததை அவர்கள் படித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். 9.5 குறைவுதான். ஆனால் கேஷ் கால் கடிதம் வராத 9.5.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா மகன் அறிவிப்பின் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டான். வலது கை முழுக்கத் தேங்காய்ச் சட்னி, இடது கைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் படித்தான்.

“மாமா, இங்க இருக்கு. ஒரு கிணறு. அதிகபட்சம் 45 மில்லியன். அதுக்கு மேல போனா அவங்கவங்க பங்குப்படி.”

“கிணறு எவ்வளவு ஆகும்னு போட்டிருக்கா?”

மேலே போனான், கீழே வந்தான்.

“அதை மட்டும் போடலை.”

கையைக் கழுவிவிட்டு வந்து, அங்கேயே உட்கார்ந்து கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் தட்டினான். நான் இன்னொரு தே தாரே சொன்னேன்.